பெரிய கோப்பு, கிளையண்ட் கேஷ்: வாசகர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் பகிர்ந்தமை கோப்பு முறைமையில் (கோப்புகள் சர்வரில் இருக்க, பல கணினிகள் நெட்வொர்க் வழியே பயன்படுத்துவது) பெரிய கோப்புகளைக் கையாளும் கிளையண்ட் கணினிகளைப் பற்றியவை. ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அத்தகைய முறைமைகளில் ஒன்றான ஓபன்ஏஎஃப்எஸ் சார்ந்தவை. கேஷ் என்பது சர்வரிலிருந்து வந்த தரவைக் கிளையண்ட் தன்னிடம் வைத்துக்கொள்ளும் இடம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

கேள்வி: 30 ஜிபி தரவுக் கோப்பு ஒன்றை எங்கள் நிரல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வரிசையாகப் படிக்கிறது, அதுவும் ஒரே நாளில் பல முறை. கிளையண்டின் கேஷ் 1 ஜிபியாக இருந்ததை 20 ஜிபி ஆக்கினேன். மூன்றில் இரண்டு பங்காவது கேஷிலிருந்து வரும் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பும் சர்வரிலிருந்தேதான் இறங்குகிறது. எங்கே தவறு?

பதில்: அமைப்பில் தவறில்லை, கணக்கில்தான். கிளையண்ட் கோப்பைத் துண்டு துண்டாகத்தான் கேஷில் வைக்கிறது. கேஷ் நிறைந்ததும், தொட்டு அதிக நேரமான துண்டுகளைத்தான் முதலில் வெளியேற்றும். கோப்பை முதல்முறை படித்து முடிக்கும்போது கேஷில் இருப்பது அதன் பின்பகுதி மட்டும். இரண்டாம் முறை நிரல் கோப்பின் தலையிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பகுதி கேஷில் இல்லை, சர்வரிலிருந்து வருகிறது. அதற்கு இடம் கொடுக்க வெளியே போவது எது? அடுத்துச் சற்று நேரத்தில் நிரலுக்குத் தேவைப்படப்போகும் அதே பகுதி. நிரல் அங்கே போய்ச் சேரும்போது அது இருக்காது. இப்படியே கோப்பின் கடைசிவரை ஓடும். வரிசையாக, திரும்பத் திரும்பப் படிக்கும் வேலையில் கோப்பைவிடக் கேஷ் சிறிதாக இருந்தால், 1 ஜிபிக்கும் 20 ஜிபிக்கும் ஏறக்குறைய ஒரே பலன்தான். கோப்பு முழுவதும் உள்ளே அடங்கும் அளவைத் தாண்டினால்தான் வேறுபாடு தெரியும். தாண்டிய கணமே பெரிதாகத் தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். கேஷ் முழுதாக நிரம்பும்வரை கிளையண்ட் காத்திருப்பதில்லை. இடம் 90 சதவீதம் நிறைந்ததுமே பழையதை அப்புறப்படுத்தத் தொடங்கிவிடும். ஆக 20 ஜிபி என்று எழுதினால் கையில் நிற்பது 18 ஜிபி. உங்கள் 30 ஜிபி கோப்புக்கு 30-ஐ 0.9-ஆல் வகுத்தால் 33.3 ஜிபி வரும். அந்தக் கணினியில் அன்றாடம் புழங்கும் மற்ற கோப்புகளுக்கும் சேர்த்து 36 ஜிபி வையுங்கள்.

கேஷ் அளவை எழுதி வைக்கும் கேஷ்இன்ஃபோ கோப்பில் முக்காற்புள்ளியால் பிரித்த மூன்று புலங்கள் இருக்கும்: ஏஎஃப்எஸ் ஏற்றப்படும் இடம், கேஷ் அடைவு, அளவு. மூன்றாவது புலத்தின் அலகு 1 கேபி கட்டம். 36-ஐ 1024-ஆல் இருமுறை பெருக்க வேண்டும்: 37748736. ஜிபி என்று நினைத்து 36 என்றோ, பைட் என்று நினைத்து நீண்ட எண்ணையோ எழுதுவது அடிக்கடி நடக்கிற பிழை. கேஷ் இருக்கும் பார்ட்டிஷனில் 95 சதவீதத்துக்கு மேல் இந்த எண் போகக்கூடாது. கேஷுக்கென்றே தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கி, 36 ஜிபி கேஷுக்கு 42 ஜிபி கொடுத்தால் நிம்மதி. லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷனுக்கு எக்ஸ்ட்4 கோப்பு முறைமை போதும். ரூட் பார்ட்டிஷனிலேயே கேஷை வைத்து, வேறு எதுவோ அந்த இடத்தைத் தின்றுவிட்டால், இடம் இருக்கிறது என்று நம்பி எழுதப்போகும் கிளையண்டுக்கு டிஸ்க்கில் இடம் இருக்காது. அதன்பின் வரும் பிழைச் செய்திகளைப் பார்த்து யாரும் டிஸ்க்கைச் சந்தேகிக்க மாட்டார்கள், நெட்வொர்க்கைத்தான் திட்டுவார்கள்.

கேஷ்இன்ஃபோவை ஏஎஃப்எஸ்டி (கிளையண்டை இயக்கும் நிரல்) தொடங்கும்போது மட்டுமே படிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கிளையண்டில் உடனே மாற்ற எஃப்எஸ் செட்கேஷ்சைஸ் கட்டளை உண்டு. அதை ரூட்டாக (நிர்வாகியாக) இயக்க வேண்டும், மறுதொடக்கத்தில் அந்த மாற்றம் மறைந்துவிடும். சோதித்துப் பார்க்க இது வசதி. ஆனால் ஏஎஃப்எஸ்டியின் தொடக்க விருப்பங்களில் கேஷ் அளவைச் சொல்லும் -பிளாக்ஸ் எழுதப்பட்டிருந்தால் கேஷ்இன்ஃபோவின் மூன்றாம் புலம் செல்லாது. மாற்றியும் மாறவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள். இப்போது எவ்வளவு அளவு, எவ்வளவு பயன்பாட்டில் என்பதை எஃப்எஸ் கெட்கேஷ்பார்ம்ஸ் ஒரே வரியில் சொல்லும்.

36 ஜிபி ஒதுக்க டிஸ்க்கில் வழியில்லை என்றால் கேஷை உயர்த்துவதையே விட்டுவிடுங்கள். அரைகுறையாக உயர்த்திய கேஷ், மற்ற சிறு கோப்புகளை வெளியே தள்ளுவதோடு, ஒவ்வொரு பைட்டையும் ஒருமுறை வீணாக டிஸ்க்கில் எழுதவும் செய்கிறது. லினக்ஸ் கிளையண்டில், தொகுக்கும்போதே சேர்த்திருந்தால், எஃப்எஸ் பைபாஸ்த்ரெஷோல்ட் என்ற கட்டளை கிடைக்கும். ஒரு வரம்பை பைட்டில் கொடுத்தால் (256 எம்பிக்கு 268435456) அதைவிடப் பெரிய கோப்புகளைப் படிக்கும்போது டிஸ்க் கேஷைத் தொடாமல் தரவு நேரே வரும். அந்தப் பெரிய கோப்பு வேகமாகாது. மற்ற கோப்புகள் பிழைக்கும்.

கேள்வி: துண்டு அளவை எவ்வளவு வைப்பது? பழைய கையேடு 64 கேபி என்கிறது. நண்பர் 1 எம்பி வை என்கிறார்.

பதில்: இருவருமே அவரவர் காலத்துக்குச் சரி. கேஷே சில நூறு எம்பிக்குள் இருந்த காலத்தின் எண் 64 கேபி. இப்போதைய ஏஎஃப்எஸ்டி, எண் எதுவும் கொடுக்காவிட்டால், டிஸ்க் கேஷின் அளவைப் பார்த்து 256 கேபி முதல் 1 எம்பி வரை தானே தேர்ந்துகொள்ளும். -சங்க்சைஸ் விருப்பத்துக்குக் கொடுப்பது பைட் எண்ணிக்கை அல்ல, 2-இன் அடுக்கு: 16 என்றால் 64 கேபி, 18 என்றால் 256 கேபி, 20 என்றால் 1 எம்பி. 20-ஐத் தாண்டவும் முடியும். தாண்டியதால் நன்மை கிடைப்பது அரிது.

எந்த எண் என்பதை நிரல் எப்படிப் படிக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். காணொளி, மரபணு வரிசை, காப்புப் பொதி போன்றவற்றை வரிசையாகப் படித்தால் 20. துண்டு பெரிதானால் சர்வரிடம் கேட்கும் தடவைகள் குறைகின்றன. 4 ஜிபி கோப்புக்கு 64 கேபி துண்டில் 65,536 முறை கேட்க வேண்டும். 1 எம்பி துண்டில் 4,096 முறை போதும். ஒரு துண்டைப் படிக்கும்போதே அடுத்ததைப் பின்னணியில் கிளையண்ட் வரவழைக்கும் என்பதும் இங்கே கைகொடுக்கும்.

தரவுத்தளக் கோப்பு, மெய்நிகர் டிஸ்க் படிமம், உள்ளடக்க அட்டவணை வைத்துத் தாவித் தாவிப் படிக்கும் கோப்பு என்றால் கதை தலைகீழ். நிரல் கேட்பது 4 கேபி. வருவது 1 எம்பி. 256 மடங்கு. கேட்ட 4 கேபி, அந்த 1 எம்பி துண்டின் தலைப்பகுதியில் இருந்தால், தரவு வர வர நிரலுக்குக் கிடைத்துவிடும். வாலில் இருந்தால் முழுத் துண்டும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு? தொலைதூர இணைப்பில் இது பட்டையகலத்தைப் பொறுத்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓபன்ஏஎஃப்எஸ் பயன்படுத்தும் ஆர்எக்ஸ் நெறிமுறை, ஒரு நேரத்தில் வழக்கமாக 32 பாக்கெட்டுகளை மட்டுமே பதில் வராமல் வெளியே விட்டுவைக்கும். பாக்கெட்டுக்குச் சுமார் 1,400 பைட் என்றால் ஒரு போய்வரும் பயணத்துக்கு ஏறக்குறைய 45 கேபி. பயண நேரம் 20 மில்லிவினாடி என்றால் வினாடிக்கு 2.2 எம்பிதான் உச்சம். இணைப்பு 10 ஜிகாபிட் ஆனாலும் அதே கதிதான். 1 எம்பி துண்டுக்கு 23 பயணம், ஏறக்குறைய அரை வினாடி. தாவிப் படிக்கும் நிரல் ஒவ்வொரு தாவலுக்கும் இந்த அரை வினாடியைக் கட்ட வேண்டியிருக்கும். அங்கே 16 அல்லது 17 வையுங்கள். ஒரே கட்டடத்துக்குள் பயண நேரம் அரை மில்லிவினாடிக்கும் குறைவு என்றால் 18 நல்ல நடுவழி.

ஒரே கணினியில் இரண்டு வகை வேலையும் நடந்தால்? துண்டு அளவு கிளையண்டு முழுவதற்கும் ஒன்றே. அடைவுக்கு ஒன்றாக வைக்க முடியாது. தாவிப் படிக்கும் கோப்பை உள்ளூர் டிஸ்க்குக்கு நகல் எடுத்து வேலை செய்வதுதான் மரியாதை. துண்டு அளவை மாற்றினால் ஏற்கனவே கேஷில் இருப்பது எதுவும் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்; பணி உச்சத்தில் இருக்கும் வேளையில் மாற்ற வேண்டாம்.

கேள்வி: எஃப்எஸ் கெட்கேஷ்பார்ம்ஸ் பார்த்தால் 20 ஜிபியில் 3 ஜிபிதான் பயன்பாட்டில் என்கிறது. அப்படியும் நேற்று படித்த கோப்புகள் இன்று கேஷில் இல்லை. இடம் இருக்கும்போது ஏன் தூக்கி எறிகிறது?

பதில்: நல்ல கேள்வி. அந்த ஒரு வரியைப் பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. கேஷுக்கு வரம்பு இரண்டு. ஒன்று, மொத்த இடம். மற்றது, துண்டுகளை வைத்திருக்கும் வி-கோப்புகளின் எண்ணிக்கை. ஒரு வி-கோப்பில் ஒரே ஒரு துண்டுதான் இருக்க முடியும். 300 பைட் கோப்பும் ஒரு வி-கோப்பு முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும்; டிஸ்க்கில் இடம் குறைவாகத்தான் எடுக்கும், ஆனால் எண்ணிக்கையில் ஒன்று போயிற்று. வி-கோப்புகளில் 95 சதவீதம் பிடிக்கப்பட்டதும் வெளியேற்றம் தொடங்கிவிடும், இடம் எவ்வளவு காலியாக இருந்தாலும்.

உங்கள் தொடக்க விருப்பங்களில், வி-கோப்புகளின் எண்ணிக்கையைச் சொல்லும் -ஃபைல்ஸ் விருப்பத்தில் ஒரு சிறிய எண் இருக்கிறது போலும். பழைய தொடக்க ஸ்கிரிப்டுகளில் பெரியது, மிகப் பெரியது என்று பெயரிட்ட ஆயத்த விருப்பத் தொகுப்புகள் உண்டு. அவற்றுள் இந்த எண் ஒளிந்திருக்கும். எஃப்எஸ் கெட்கேஷ்பார்ம்ஸ் கட்டளையோடு -எக்ஸெஸிவ் சேர்த்தால் வி-கோப்பு நிலவரமும் தெரியும். சிஎம்டீபக் கட்டளையை -கேஷ் விருப்பத்தோடு அந்தக் கணினிமேல் ஏவினால், துண்டுக் கோப்புகளின் எண்ணிக்கை, துண்டு அளவு, கேஷ் அளவு, கேஷ் வகை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். எழுதி வைத்த அமைப்பைவிட ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை நம்புவதே நல்லது.

எவ்வளவு வைப்பது? குறைந்தபட்சம், கேஷ் அளவைத் துண்டு அளவால் வகுத்து ஒன்றரையால் பெருக்குங்கள். 20 ஜிபி, 1 எம்பி துண்டு: 20,480-ஐ ஒன்றரையால் பெருக்க 30,720. பெரிய கோப்புகள் மட்டுமே புழங்கும் கணினிக்கு இது போதும். சிறு கோப்புகளும் கலந்திருந்தால், கோப்புக்குச் சராசரி 32 கேபி என்று வைத்து வகுக்கலாம். அது 6,55,360 ஆகிவிடும். அவ்வளவு வி-கோப்புகளை முதல் தொடக்கத்தில் உருவாக்க நேரம் பிடிக்கும்; பிறகு ஒவ்வொரு தொடக்கத்திலும் அவற்றைச் சரிபார்க்கவும் நேரம் போகும். உங்களுடையது போன்ற கலவைக்கு ஒன்றரை லட்சத்தில் தொடங்கி, இடமும் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாக நிரம்புகின்றனவா என்று ஒரு வாரம் கவனியுங்கள். எண்ணிக்கை முதலில் நிரம்பினால் உயர்த்துங்கள்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பெரிய கோப்புகளுக்கான கேஷ்தானே என்று பார்ட்டிஷனை உருவாக்கும்போது லார்ஜ்ஃபைல் வகையைக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த வகையில் 1 எம்பிக்கு ஓர் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கில் தேவைப்படும் பதிவிடம்) மட்டுமே உருவாகும். 24 ஜிபி பார்ட்டிஷனில் 24,576 ஐநோடுகள். மேலே சொன்ன 30,720 வி-கோப்புகளுக்கே அது போதாது. டிஎஃப் கட்டளை இடம் இருக்கிறது என்று காட்டும், கிளையண்ட் தொடங்காது. டிஎஃப் கட்டளைக்கு -ஐ சேர்த்துப் பார்த்தால்தான் காரணம் புரியும். இயல்பு விகிதம் 16 கேபிக்கு ஓர் ஐநோடு. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி: நினைவகம் தாராளமாக இருக்கிறது. டிஸ்க்கை விட்டுவிட்டு, கேஷை நினைவகத்திலேயே வைக்கும் -மெம்கேஷ் போட்டு, துண்டு 1 எம்பி, கேஷ் 1 ஜிபி என்று வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நினைவகக் கேஷில் ஒவ்வொரு துண்டும் முழு அளவில் முன்கூட்டியே ஒதுக்கப்படும். 1 ஜிபியில் 1 எம்பி துண்டு என்றால் மொத்தம் 1,024 துண்டுகள். 300 பைட் கோப்பும் 1 எம்பியை அடைத்துக்கொள்ளும். ஓர் அடைவைத் திறந்து பட்டியல் எடுத்து நாலு ஸ்கிரிப்டை ஓட்டினாலே பெரிய கோப்பின் துண்டுகள் வெளியே போய்விடும். இயல்பான 8 கேபியோ பெரிய கோப்புக்கு மிகச் சிறிது. 64 கேபி வைத்தால் 16,384 துண்டு, ஓரளவு தாங்கும். ஆனால் டிஸ்க் கேஷிலிருந்து படித்ததைக் கெர்னல் (இயங்குதளத்தின் கரு) நினைவகத்தில் உள்ள தன் பக்கக் கேஷில் எப்படியும் வைத்துக்கொள்கிறது. தாராளமான நினைவகத்தின் பலன் அந்த வழியிலேயே கிடைத்துவிடும். டிஸ்க் இல்லாத கணினிக்கு -மெம்கேஷ். மற்றபடி எஸ்எஸ்டியில் டிஸ்க் கேஷ்.

கேள்வி: 50 ஜிபி கோப்பை எழுதும்போது முதலில் பறக்கிறது, பிறகு நின்று நின்று போகிறது, கடைசியில் முடிந்தது போலத் தோன்றி நெடுநேரம் திரும்பவே இல்லை. ஒருமுறை நிரல் வெற்றி என்று சொல்லியும் சர்வரில் கோப்பு குறையாக இருந்தது. கேஷ் அளவு காரணமா?

பதில்: முதல் பாதிக்கு ஆம், இரண்டாம் பாதிக்கு இல்லை.

எழுதும் தரவு முதலில் கேஷில் இறங்குகிறது. கோப்பை மூடும்போதோ, எழுதியதை உடனே அனுப்பச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பை விடுக்கும்போதோதான் வழக்கமாகச் சர்வருக்குப் போகிறது. பறப்பதாகத் தோன்றுவது உள்ளூர் டிஸ்க்கின் வேகம். சர்வருக்கு இன்னும் போகாத துண்டை வெளியேற்ற முடியாது என்பதால், அப்படிப்பட்ட துண்டுகள் பெருகும்போது கிளையண்ட் இடையிலேயே ஒரு பகுதியை அனுப்பத் தொடங்கும். கேஷ் 98 சதவீதம் நிறைந்தால் எழுதும் நிரலை உறங்க வைத்து, 95-க்கு இறங்கியதும் எழுப்பும். நீங்கள் சொல்லும் நின்று நின்று போவது அதுதான். கடைசி நீண்ட அமைதி, மீதியை மூடும் நேரத்தில் அனுப்புவது. கேஷைப் பெரிதாக்கினால் பறக்கும் நேரம் நீளும், கடைசி அமைதியும் அதே அளவு நீளும். மொத்த நேரம் மாறாது. ஒரே முறை எழுதும் பெரிய கோப்புக்குப் பெரிய கேஷ் தேவையே இல்லை.

குறையான கோப்புக்குக் காரணம் பெரும்பாலும் ஒதுக்கீட்டு வரம்பு. வால்யூமில் (சர்வரில் உங்கள் கோப்புகளுக்கு ஒதுக்கிய பகுதியில்) இடம் தீர்ந்துவிட்டது என்று சர்வர் சொல்வது, தரவு அங்கே போய்ச் சேரும் வேளையில். அப்போது நிரல் ரைட் அழைப்புகளை எல்லாம் வெற்றியாக முடித்துவிட்டு குளோஸ் அழைப்பில் நிற்கிறது. குளோஸ் திருப்பித் தரும் பிழையை நிரல் பார்க்கவில்லை என்றால் யாருக்கும் தெரியாமல் தரவு போய்விடும். உள்ளூர் டிஸ்க்கில் இந்த அலட்சியம் தப்பித்துவிடும், இங்கே தப்பாது. எழுதுமுன் எஃப்எஸ் லிஸ்ட்கோட்டா கட்டளையால் அந்த வரம்பைப் பாருங்கள். நிரல் உங்களுடையது என்றால் மூடுமுன் எஃப்சிங்க் அழைத்து, அதன் விடையையும் குளோஸின் விடையையும் இரண்டையுமே சோதியுங்கள். எஃப்எஸ் ஸ்டோர்பிஹைண்ட் கட்டளையால் மூடும் அழைப்பைச் சீக்கிரம் திரும்பச் செய்யலாம் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பிழையைக் கேட்க ஆளில்லாத நேரத்துக்குத் தள்ளிவிடும்; உங்கள் நிலையில் தொடாதீர்கள்.

கேள்வி: 8 ஜிபி பதிவுக் கோப்பின் முடிவில் வேறொரு கணினி சில வரிகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பழைய பகுதியை மட்டும்தான் படிக்கிறோம். கேஷ் 20 ஜிபி. ஆனாலும் கேஷ் பயன்படவில்லையே?

பதில்: பயன்படாது. ஏஎஃப்எஸ்ஸில் தரவுப் பதிப்பு எண் கோப்புக்கு ஒன்று. துண்டுக்கு ஒன்று அல்ல. வேறொருவர் ஒரு வரி சேர்த்தாலும் அந்த எண் ஏறும், கோப்பு மாறினால் சொல்கிறேன் என்று சர்வர் உங்களுக்குக் கொடுத்திருந்த வாக்குறுதியை முறிக்கும், உங்களிடம் இருக்கும் எல்லாத் துண்டும் பழைய பதிப்பாகிவிடும். மாறாத பகுதி எது என்று கிளையண்டுக்குத் தெரியாது. 200 ஜிபி கேஷும் இதைத் தீர்க்காது. பதிவை மணிக்கு ஒன்றாகவோ 256 எம்பிக்கு ஒன்றாகவோ புதுக் கோப்பாக உடையுங்கள். முடிந்த கோப்புகள் மாறாது, கேஷில் நிலைக்கும்.

கேள்வி: என்எஃப்எஸ் (இன்னொரு பகிர்வுக் கோப்பு முறைமை) ஏற்றத்தில், உள்ளூர் கேஷைப் பயன்படுத்தச் சொல்லும் எஃப்எஸ்சி விருப்பம் போட்டு, அந்தக் கேஷைப் பராமரிக்கும் கேஷ்ஃபைல்ஸ்டி நிரலை ஓட்டுகிறோம். அதன் அமைப்பில் பிரன் 10 சதவீதம் என்று இருக்கிறது. ஆனால் கேஷ் டிஸ்க்கில் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டது.

பதில்: சொன்னபடிதான் செய்திருக்கிறது. அந்த எண்கள் கேஷின் அளவைக் குறிப்பவை அல்ல. காலியாக விட வேண்டிய இடத்தைக் குறிப்பவை. பிரன் 10, பிகல் 7, பிஸ்டாப் 3 என்றால்: காலி இடம் 7 சதவீதத்துக்குக் கீழ் போனதும் பழையதை அகற்றத் தொடங்கும், 10-க்கு மேல் வந்ததும் நிறுத்தும், 3-க்குக் கீழ் போனால் புதிதாக எதையும் சேர்க்காது. மூன்றும் இதே இறங்கு வரிசையில் இருக்க வேண்டும். ஃப்ரன், ஃப்கல், ஃப்ஸ்டாப் மூன்றும் இதையே ஐநோடுகளுக்குச் சொல்பவை. கேஷ் பாதி டிஸ்க்குக்கு மேல் போகக்கூடாது என்றால் பிரன் 57, பிகல் 54, பிஸ்டாப் 50 என்று வையுங்கள். ஆனால் அதே டிஸ்க்கை வேறு எதுவும் நிரப்பினால் கேஷ் சுருங்கும். தனிப் பார்ட்டிஷன்தான் இங்கும் நல்லது.

எழுதுவதற்காகத் திறந்திருக்கும் கோப்பு இந்தக் கேஷுக்குள் வராது. படிக்க மட்டும் செய்யும் நிரல், கோப்பைப் படிக்கவும் எழுதவும் என்று சோம்பலாகத் திறந்தாலும் இதே கதிதான். கேஷ் உண்மையில் இணைந்திருக்கிறதா என்பதை, ப்ராக் அடைவில் எஃப்எஸ், அதனுள் என்எஃப்எஸ்எஃப்எஸ், அதனுள் வால்யூம்ஸ் என்ற கோப்பின் கடைசி நிரல்வரிசையில் பாருங்கள்.

கேள்வி: கேஷ் வேலை செய்கிறது என்று எப்படி உறுதி செய்வது? இரண்டாம் முறை படித்தால் வேகமாகத்தான் வருகிறது.

பதில்: அந்த வேகம் கெர்னலின் பக்கக் கேஷால் வந்ததாக இருக்கலாம், டிஸ்க் கேஷ் சும்மா இருந்திருக்கும். ஓபன்ஏஎஃப்எஸ்ஸில் இப்படிச் செய்யுங்கள். எஃப்எஸ் ஃப்ளஷ் கட்டளையால் அந்தக் கோப்பைக் கேஷிலிருந்து நீக்கிவிட்டு டிடி கட்டளையால் முழுதும் படித்து நேரத்தைக் குறியுங்கள். இது சர்வரின் வேகம். அடுத்து, ரூட்டாக ட்ராப்கேஷஸ் கோப்பில் 3 என்று எழுதிப் பக்கக் கேஷைக் காலி செய்துவிட்டு மறுபடி படியுங்கள். இது டிஸ்க் கேஷின் வேகம். மூன்றாம் முறை எதையும் காலி செய்யாமல் படித்தால் வருவது நினைவகத்தின் வேகம். இரண்டாவது படிப்பின்போது நெட்வொர்க் இடைமுகத்தின் பைட் எண்ணியைப் படிப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். கோப்பின் அளவுக்கு அது ஏறியிருந்தால் இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் திரும்புங்கள்.